நடுத்தடத்தின் மேல் மஞ்சள் பெருக்கல் குறி

கேள்வி: அமெரிக்காவில் காலையில் ஒரு திசைக்கும் மாலையில் எதிர்த்திசைக்கும் திறந்துவிடப்படும் நடுத்தடத்தில் நேற்று சென்றபோது, தலைக்கு மேலிருந்த பச்சை அம்பு மஞ்சள் பெருக்கல் குறியாக மாறியதும் பதறிவிட்டேன். அதன் பொருள் என்ன?

பதில்: அந்தத் தடம் உங்கள் திசைக்கு மூடப்படவிருக்கிறது என்று பொருள். திடீரென்று பிரேக் போடாமல், கண்ணாடியைப் பார்த்து வலப்பக்கம் மாறிவிடுங்கள். சிவப்புக் குறி வந்தபின் அங்கே இருக்கவே கூடாது.

பதில்: தரையையும் பாருங்கள் ஐயா. தடத்தின் இருபுறமும் விட்டுவிட்டு வரும் இரட்டை மஞ்சள் கோடுகள் இருந்தால் அது திசைமாறும் தடம். வெளியே தொடர்கோடும் உள்ளே விட்டுவிட்ட கோடும் இருந்தால், இரு திசையினரும் இடப்பக்கம் திரும்புவதற்காகப் பகிரும் தடம். அதில் முந்தவே முந்தாதீர்கள்.

பதில்: சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் முன்பு பிளாஸ்டிக் குழாய்களைக் கையால் நட்டுத்தான் திசைகளைப் பிரித்தார்கள், 2015 ஜனவரியில் வண்டியால் நகர்த்தப்படும் தடுப்புச்சுவர் வந்தது. விளக்கைவிட அந்தச் சுவரையே நான் நம்புவேன்.