மாண்டலே பள்ளிவாசலுக்கு மனு எழுத ஆள் வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

மியன்மாரை உலுக்கிய 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரமலானின் கடைசி வெள்ளி. ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மேலேயே மாண்டலேயிலும் சகாயிங்கிலும் பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன.

யாங்கோனில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சில சேர்ந்து, மாண்டலேயில் ஒரு சிறிய பள்ளிவாசலைத் திரும்பக் கட்ட வசூல் செய்கிறோம். இந்துக் குடும்பங்களும் மனதாரத் தருகிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நன்மை செய்யட்டும். பணம் மெல்ல வருகிறது. அனுமதிதான் வரவில்லை. ஜமாஅத்தார் கையெழுத்திட்டு அமைதியாக ஒரு மனு கொடுக்கப் போகிறோம். நம் பிள்ளைகள் பர்மீயம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அலுவலக நடையில் எழுத வராது. எழுதத் தெரிந்தவர், இல்லையென்றால் வக்கீல் யாராவது உதவ முடியுமா? நிலப் பத்திரம் நனைந்து, ஓரத்தில் மை ஊறிக் கிடக்கிறது. அதைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

அப்புறம், மாண்டலே போகிற லாரியில் இடமிருந்தால் சொல்லுங்கள். தார்ப்பாயும் அரிசியும் மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.