பழைய லெகோ விண்வெளி வீரர்களைப் பேண ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய குருசுக்குப்பத்தில் வசிக்கிறேன். பிரான்சில் இருந்த என் சித்தப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்து தந்த, லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டை விளையாட்டுப் பொருளின் சிறிய மனித உருவங்களில் 31 இன்றும் என்னிடம் உள்ளன. அவற்றுள் 9 விண்வெளி வீரர்கள். 1978-இல் சிவப்பிலும் வெள்ளையிலும் தொடங்கிய அந்த வரிசையில் நீலமும் கறுப்பும் 1984-இல்தான் சேர்ந்தன.

2013-இல் 5000 மட்டுமே வெளியான லெகோவின் 'மிஸ்டர் கோல்ட்' உருவத்தைப் பலரும் தேடுவது அதன் எண்ணிக்கைக்காக. இவ்வீரர்களின் மதிப்போ வேறு வகையானது: ஏராளமாக விற்றவையானாலும், மார்பில் அச்சிட்ட பொன்னிறக் கோள் சின்னம் தேயாமலும், தலைக்கவசத்தின் மெல்லிய தாடைப்பட்டை உடையாமலும் தப்பியவை குறைவு, குழந்தைகள் கையில் முதலில் கெடுபவை அந்தச் சின்னமும் பட்டையுமே.

என் வீரர்களில் நால்வரின் தாடைப்பட்டை உடைந்துவிட்டது. பிற்காலத்தில் வந்த தடித்த பட்டையுள்ள கவசத்தை மாட்டுவது முறையா, அல்லது உடைந்த அசலையே வைத்திருப்பது நல்லதா? சன்னலோரம் இருந்த வெள்ளை வீரர் மஞ்சளித்திருக்கிறார். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தால் வெளுக்கும் என்கிறார்கள், ஆனால் பொன்னிற அச்சு அழியுமோ என்று அஞ்சுகிறேன். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இவற்றை விற்கும் எண்ணம் இல்லை. என் மகளிடம் நல்ல நிலையில் ஒப்படைக்க விரும்புகிறேன். புதுச்சேரியிலோ கடலூரிலோ இவற்றைச் சேகரிப்பவர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமையில் நேரில் கொண்டுவந்து காட்டவும் ஆயத்தமாக உள்ளேன்.