இரைப்பை பைபாஸுக்குப் பிறகு வரும் படபடப்பு: பதற்றமா, சர்க்கரை இறக்கமா?

போனிக்ஸ்_தேவி (டர்பன்):
உடல் எடை குறைக்கிற இரைப்பை பைபாஸ் அறுவை ஆகி ஒரு வருஷம் தாண்டினவங்களுக்குத் திடீர்னு வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தா பதற்ற நோய்னு எடுத்துக்கலாமா? ஏற்கெனவே பதற்றத்துக்கு எக்ஸ்.ஆர் (மெல்லக் கரையுற) மாத்திரை சாப்பிடுறவங்க அதையே தொடரலாமா?

சிறுகுடல்:
தேவி அக்கா, முதல்ல கடிகாரத்தைப் பாருங்க. சாப்பிட்ட 10-30 நிமிஷத்துல வயித்து முறுக்கல், பேதியோட வந்தா அது டம்பிங், அதாவது சாப்பாடு இரைப்பையிலிருந்து சட்டுனு குடலுக்கு இறங்குறது. 1-3 மணி நேரம் கழிச்சு வந்தா சர்க்கரை இறக்கமா இருக்கலாம். மாவுச்சத்து சட்டுனு குடல்ல இறங்கி, இன்சுலின் தேவைக்கு மேல சுரந்துடும். சர்க்கரை விழுந்ததும் அட்ரினலின் பொங்கும். பயத்துலயும் அதே அட்ரினலின்தான், அதனால ஆளுக்கு வித்தியாசமே தெரியாது.

நடுங்கும்போதே விரல்ல குத்தி சர்க்கரை மீட்டர்ல பாருங்க. லிட்டருக்கு 3.0 மில்லிமோலுக்குக் கீழ இருந்து, குளுக்கோஸ் எடுத்ததும் அடங்கினா விடை கிடைச்சாச்சு. அளவு சுமார் 15 கிராம், அதாவது 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரையில 4. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்தணும். ஏறினதும் ஒரு முட்டையோ சீஸோ. டம்ளர் நிறைய ஜூஸ் குடிச்சா ஏறின வேகத்துல திரும்ப விழும், பெரும்பாலானவங்க சறுக்குறது இங்கதான். மயங்கி விழுந்துட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, தென்னாப்பிரிக்க ஆம்புலன்ஸ் எண் 10177-க்கு போன் பண்ணுங்க.

மருந்துக்கடை_அண்ணன்:
எக்ஸ்.ஆர் மெல்லக் கரையச் செஞ்சது. பைபாஸ்ல குடலோட முதல் பகுதி ஒதுங்கிடுறதால மருந்து ஏறுறது மாறலாம். சாதா மாத்திரையாவோ திரவமாவோ மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட அறுவைக்கு முன்னாடியே கேக்கணும். முதல் மாசங்கள்ல ரத்தத்துல மருந்தளவு குறைஞ்சு பதற்றம் திரும்பறதும் உண்டு. தானா நிறுத்தினா தலைசுத்தல், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச உணர்வு, கூடவே படபடப்பு. எக்ஸ்.ஆரை நசுக்கி விழுங்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியா இறங்கிடும்.

கஞ்சிச்சட்டி:
ஆடி மாரியம்மன் கஞ்சியில சர்க்கரை போட்டுக் குடிக்கிறதும் ஜூஸ் மாதிரிதான். நீர்ச்சோறு, இனிப்பு, சோஜி (ரவை இனிப்பு) எல்லாம் இதே கணக்கு. புரதத்தை முதல்ல சாப்பிட்டு, தண்ணியை அரை மணி நேரம் தள்ளிக் குடிங்க. இன்னொண்ணு: வாரக்கணக்கா வாந்தி இருந்து, பார்வை ரெண்டாத் தெரிஞ்சு நடை தள்ளாடினா தயாமின் (வைட்டமின் பி1) குறைவா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

போனிக்ஸ்_தேவி:
நடுங்குறப்போ மீட்டர்ல 5.2 காட்டினா?

சிறுகுடல்:
அப்போ சர்க்கரை காரணமில்ல. இரும்புச்சத்து, பி12, தைராய்டு பாத்துட்டு, அதுவும் சரியா இருந்தா மனநல மருத்துவர்தான். சாப்பிட்ட நேரம், மீட்டர் எண், நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்துச்சுங்கிறதை ரெண்டு வாரம் எழுதி எடுத்துட்டுப் போங்க.