பேரனுக்குக் கண்ணில் ஐரிஸ் இல்லை, பாக்ஸ்6 பரிசோதனை எழுதியிருக்கிறார்கள்

பள்ளத்தூர் ஆயா எழுதியது:

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இப்போது ஏழு மாதம். மூன்றாம் வாரத்திலேயே எனக்கு உறுத்தியது. முகப்பில் போட்டால் கண்ணைத் திறக்கவே மாட்டான். வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, தூக்கி வந்தால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வான். எங்களுடையது பழைய வீடு. மேலே வானம், கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். பதினோரு மணி வெயிலில் எனக்கே கூசும். ஆனால் இரண்டாம் கட்டில் நெல் அறைக்குப் பக்கத்து இருட்டில் போட்டால் கண்ணை அகல விரித்துச் சிரிப்பான். முதன்முதலாகப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோனபோது குடைவரைக்குள் நுழைந்ததும் விழித்தான். அங்கே விளக்கு வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு. கண் பாப்பாவைச் சுற்றி இருக்கவேண்டிய பழுப்பு வளையத்தை, அதாவது ஐரிஸை, காணோம்.

முதலில் பார்த்த மருத்துவர், பச்சைக் குழந்தைக்கு வெளிச்சம் பழகவில்லை என்று சொட்டு மருந்து எழுதினார். இரண்டு மாதம் அதில் போயிற்று. அப்புறம் மதுரைக்குப் போனோம். ஒரே நிமிடத்தில் அனிரிடியா, அதாவது பிறவியிலேயே ஐரிஸ் இல்லாத நிலை, என்றார்கள். பாக்ஸ்6 ஜீனுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்து கிட்னியையும் பார்க்கச் சொன்னார்கள். கண்ணுக்குப் போன இடத்தில் கிட்னிக்கு என்ன வேலை?

வீட்டில் வேறு கதை ஓடுகிறது. மகளை அயித்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தோம், அதாவது சம்பந்தி என் நாத்தனார்தான். 2022 தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம். மகள் அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். அதனால்தான் என்று நாத்தனார். சொந்தத்தில் கட்டியதால்தான் என்று பங்காளி வீட்டார். மகள் யாருக்கும் பதில் சொல்லாமல் பிள்ளையை வைத்துக்கொண்டு இருட்டறையிலேயே இருக்கிறாள்.

நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்திருக்கிறேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. ஆனால் அந்த ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

தேவகோட்டை கூலிங்கிளாஸ் எழுதியது:

ஆச்சி, எனக்கு 43 வயது, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், எனக்கும் ஐரிஸ் கிடையாது. என் அப்பாவுக்கும் இதே குறை இருந்தது. தங்கைக்கு இல்லை. என் மூத்த மகளுக்கு வந்தது, இளையவளுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொந்தத்தில் கட்டவில்லை, இதையும் உங்கள் பங்காளிகளிடம் சொல்லுங்கள்.

ஐரிஸ் இல்லாதது மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே விழித்திரையின் நடுவில், கூர்ந்து பார்க்க உதவும் குழி இருக்கிறதே, அதுவும் எங்களுக்குச் சரியாக உருவாகியிருக்காது. அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டதும் எல்லாம் தெளிவாகிவிடாது. எனக்குப் பார்வை 6/60, மற்றவர்கள் 60 மீட்டரில் படிக்கிற எழுத்தை நான் 6 மீட்டரில்தான் படிப்பேன். கண்மணி ஓயாமல் ஆடும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆடுவது எங்களுக்குத் தெரியாது, உலகம் நின்றபடிதான் இருக்கும். ஆனால் கண் அழுத்தத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்கு 19 வயதில் ஏறியது. வலி இல்லை, அதனால் நானும் கவனிக்கவில்லை. இடது கண்ணில் பார்வை கொஞ்சம் போய்விட்டது. அது திரும்பாது. கேட்டராக்ட் வரலாம், கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா மேலே படலம் படரலாம். வருடா வருடம் போய்க் காட்டவேண்டிய உடம்பு இது.

செயற்கை ஐரிஸ் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இந்தக் கண்ணுக்குள் கத்தி வைத்தால் சிலருக்கு உள்ளே நார்ப்படலம் படர்ந்துவிடுகிறது. அறுவை தவிர்க்க முடியாதபோது செய்துதான் ஆகவேண்டும், அழகுக்காக வேண்டாம். பிள்ளைக்கு அகல விளிம்புத் தொப்பி, சின்னக் கூலிங்கிளாஸ். தொப்பியைப் பிடுங்கிப் போடுவான், மறுபடி மாட்டுங்கள். மகளை இருட்டறையிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். பிள்ளை பார்த்துப் பழகவேண்டும்.

இன்னொன்று, யாராவது விளக்குங்கள். எனக்கு மோப்பமும் மட்டு. வீட்டில் நண்டுக்கு மசாலா வறுத்தால் தெரு முழுக்கத் தும்மும், எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேமத்தான் எழுதியது:

கிரகணத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பெரியவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை.

கோட்டையூர் ஈ எழுதியது:

ஊர் கோட்டையூர், வேலை பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் பழ ஈ வளர்ப்பது. அதனால்தான் இந்தப் பெயர். ஆச்சி, நான் மருத்துவன் இல்லை. ஜீன் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பாக்ஸ்6 கண்ணைக் கட்டுகிற பொருள் இல்லை. அதிலிருந்து உருவாகும் புரதம் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து, எந்த ஜீன் இப்போது வேலை செய்யவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று ஏவுகிறது. இந்த மாதிரிப் புரதத்தைத்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்கிறார்கள். புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலம் இதில் மொத்தம் 422. டிஎன்ஏவைப் பிடிப்பதற்கு அதில் இரண்டு கைகள். அனிரிடியாவுக்குக் காரணமான ஜீன் என்று 1991-ல் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1995-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் ஆய்வகத்தில், ஈயில் இருக்கும் இதே ஜீனைக் கால், இறக்கை, உணர்கொம்பு என்று வேண்டாத இடங்களில் முடுக்கிவிட்டார்கள். அங்கெல்லாம் கண் முளைத்தது. எலியின் ஜீனைப் போட்டபோதும் முளைத்தது, எலிக் கண் இல்லை, ஈயின் கண்தான். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன், அது இங்கே வேண்டாம்.

நமக்கு இந்த ஜீன் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டால் புரதம் பாதிதான் வரும். நிறைய ஜீன்களுக்குப் பாதி போதும், இதற்குப் போதாது. சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்களில் இரண்டு பிரதியும் கெடவேண்டும். இது அந்த வகை இல்லை. இரண்டும் கெட்ட எலிக்குஞ்சு கண்ணும் மூக்கும் இல்லாமல் பிறந்து உடனே செத்துப்போகிறது.

நேமத்தான் அண்ணே, கோபிக்க வேண்டாம். ஜீன் என்பது டிஎன்ஏ எழுத்துகளின் வரிசை. பெற்றவர்களுக்கு இல்லாமல் பிள்ளைக்கு வந்தால் அதில் எழுத்துப் பிழை பெரும்பாலும் முட்டையிலோ விந்தணுவிலோ விழுந்திருக்கும். கரு உண்டாகி மூன்று, நான்கு வாரத்தில் கண்ணுக்கான வேலை தொடங்கிவிடும். கண் முதலில் ஒரு கிண்ணம் போல உருவாகும், ஐரிஸ் அதற்கப்புறம் அந்தக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து வளரும். ஆச்சியின் மகள் மாடிக்குப் போனபோது பிழை ஏற்கெனவே உள்ளே இருந்தது.

கிட்னி ஏன் என்றால், பாக்ஸ்6 இருப்பது 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில். அதற்குப் பக்கத்து வீடு டபிள்யூடி1 என்ற ஜீன். பாக்ஸ்6 உள்ளே மட்டும் எழுத்து மாறியிருந்தால் கிட்னிக்குப் பயம் இல்லை. ஒரு துண்டே விழுந்து பக்கத்து வீடும் சேர்ந்து போயிருந்தால் அது வாகர் சின்ட்ரோம். அதில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குக் கிட்னியில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வருகிறது. அப்படியானால் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், எட்டு வயது வரை. சீக்கிரம் கண்டால் நன்றாகக் குணமாகும் கட்டி. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதால்தான் இதைத் தவறாமல் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். ரத்தம் கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கூலிங்கிளாஸ் அண்ணே, தொடர்பு உண்டு. மூளையில் மணத்தை வாங்கிக்கொள்ளும் பகுதிக்கும் பாக்ஸ்6 வேண்டும். கணையத்துக்கும் வேண்டும், அதனால் சர்க்கரையையும் அவ்வப்போது பாருங்கள்.

பள்ளத்தூர் ஆயா எழுதியது:

தம்பி, நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள். எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை மேலாளாக இருந்தவர். மேலாள் தன் கையால் பணம் எண்ணமாட்டார். எந்தப் பேரேட்டைத் திறப்பது, யாருக்குப் பற்று எழுதுவது என்று சொல்வார், அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் செய்வார்கள். இரண்டு மேலாள் வேண்டிய கடையில் ஒருவர் படுத்துவிட்டால், கடை திறக்கும், ஆனால் பாதிப் பேரேடு திறக்காது. அப்படித்தானே? அப்படியென்றால் மூன்றாவதாக ஒரு மேலாளை அனுப்பினால் சரியாகிவிடாதா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

கோட்டையூர் ஈ எழுதியது:

நூற்றுக்கு நூறு ஆச்சி. ஒரு திருத்தம் மட்டும், இந்த மேலாளுக்குக் கண் கடை மட்டும் இல்லை, மூளையிலும் கணையத்திலும் கிளை உண்டு. மூன்றாவது ஆளும் ஆகாது. எலிக்கு இந்த ஜீனைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தபோதும் கண் கெட்டது. அளவு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

பெற்றவர்கள் இருவர் ரத்தத்திலும் இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு வருவது அபூர்வம். அறவே வராது என்று சொல்லமாட்டேன், முட்டையில் சிலவற்றில் மட்டும் பிழை ஒளிந்திருப்பதுண்டு. ஆனால் உங்கள் பேரனுக்கு நாளை பிள்ளை பிறந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி.

பள்ளத்தூர் ஆயா எழுதியது (ஏழு வாரம் கழித்து):

ரிப்போர்ட் வந்தது. பாக்ஸ்6 உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியில் நின்றுவிடுகிறதாம். டபிள்யூடி1 பத்திரமாக இருக்கிறது. மூன்று மாத ஸ்கேன் வேண்டாம் என்றார்கள். மகளுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை.

நாத்தனார் வந்திருந்தபோது காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தாள். "இதில் கிரகணம்னு எங்கேயும் போடலையே" என்றாள். போடவில்லை என்றேன். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

தேவகோட்டைத் தம்பி, தொப்பியை இன்று ஆறு தரம் பிடுங்கிப் போட்டான். வளவுக்கு மேலே பச்சை வலை கட்ட ஆள் வந்திருக்கிறான், அளவு சொல்லச் சொல்லி நாத்தனார் கூப்பிடுகிறாள். அப்புறம் வருகிறேன்.