ஒரே ஆளு, நான் பாத்தது வேற, எங்கம்மா பாத்தது வேற. உங்களுக்கு நடந்திருக்கா?

கூடல்நகர்க்காரி:
ரொம்ப நாளா மனசுல கிடக்குது, அதான் எழுதுறேன். மதுரைல வாடகைக்கு வீடு பாக்கப் போனோம், ஹவுஸ் ஓனர் கேட்டைத் தொறந்ததுல இருந்து சிரிக்கவே இல்ல, எத்தன பேரு, மோட்டார் எத்தன தடவ போடுவீங்க, சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களான்னு ஒரே விசாரணை. எனக்கு அப்பவே வேணாம்னு ஆயிருச்சு. வெளிய வந்ததும் எங்கம்மா "அட்வான்ஸ குடுத்துரு, நல்ல மனுசன்"னுச்சு. எப்படிம்மான்னு கேட்டா, "நமக்கு தண்ணி குடுத்த அதே எவர்சில்வர் டம்ளர்லதான தெரு கூட்டுற அக்காவுக்கும் மோந்து குடுத்தாரு, நீ பாக்கலையா?" டம்ளரத் திருப்பிக் குடுத்ததே நாந்தான். ஆனா அவரு மூஞ்சியவே பாத்துட்டு நின்னிருக்கேன். 6 வருசம் இருந்தோம் அந்த வீட்டுல, அம்மாவுக்கு நடுராத்திரி மூச்சு முட்டுனப்ப கார் எடுத்தது அவருதான், அப்பவும் சிரிக்கல.

நொய்யல்கரை:
எனக்கு இன்டர்வியூல ஆச்சுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது ஆர்டரும் துணி தரமும் பாக்குற வேலைக்கு, ஒரு புள்ள வந்துச்சு, நாங்க 3 பேரு உக்காந்திருந்தோம். என்ன கேட்டாலும் தலைய குனிஞ்சுக்கிட்டே பதில் சொல்லுது. நான் 'தைரியம் பத்தாது'ன்னு எழுதுனேன், பக்கத்துல இருந்தவரு 'பணிவான புள்ள'ன்னு எழுதிருக்காரு, மூணாவது ஆளு 'எதையோ மறைக்குது'. மூணு பேரும் பாத்தது அதே குனிஞ்ச தலையத்தானுங்க. எந்திரிச்சுப் போறப்ப மேசைல கிடந்த சாம்பிள் பீஸை எடுத்து, உள்பக்கம் திருப்பி, ஓவர்லாக் தையல விரல்ல நீவிப் பாத்து, மறுபடி மடிச்சு வெச்சுட்டுப் போச்சு. இந்த வேலைக்கு வேண்டியதே அந்தக் கண்ணுதானுங்க. நான் பாத்தேன், பேப்பர்ல எழுதல. அந்தப் புள்ளைக்கு வேலை கிடைக்கல.

தாமிரபரணி:
கூடல்நகர்க்காரி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, டம்ளரை வச்சு ஒருத்தர நல்லவருன்னு சொல்றதும் அவசர முடிவுதான், உங்கம்மாவுக்கு பலிச்சிருச்சு. நான் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தேன், அந்தச் சீட்டு புடிச்ச ஆளு கோயில் வாசல்ல பிச்சை கேக்குறவங்களுக்கு குனிஞ்சு கைலயே வச்சுக் குடுப்பாரு, அதப் பாத்துத்தான் நம்புனேன். 2006ல அமெரிக்கால பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில வில்லிஸ், டோடரோவ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க பண்ண ஆராய்ச்சி ஒண்ணு உண்டு, ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் மூஞ்சி போட்டோவ காமிச்சாலே ஆளை நம்பலாமா கூடாதான்னு முடிவு பண்ணிர்றாங்க, கூட நேரம் குடுத்தா முடிவு பெருசா மாறல, நாம சொன்னது சரிங்கிற நம்பிக்கைதான் ஏறுது. அதனால வாடகையோ வேலையோ கல்யாணமோ, ஒரு தடவ பாத்ததோட நிக்காதீங்க, சொல்லாம ரெண்டாந்தடவ போங்க, வேற ஒருத்தரயும் கூட்டிட்டுப் போங்க, திரும்பி வர்ற வழியில அதப்பத்தி பேசிக்காதீங்க, வீட்டுக்கு வந்து தனித்தனியா எழுதி அப்புறம் சேத்து வச்சுப் பாருங்க. நொய்யல்கரை அண்ணே, நீங்க மூணு பேரும் எழுதுனத அன்னைக்கே ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக் காமிச்சிருந்தா அந்தப் புள்ளைய திரும்பக் கூப்பிட்டிருப்பீங்க.

நொய்யல்கரை:
கூப்பிட்டிருப்போமுங்க.

கூடல்நகர்க்காரி:
தம்பி, எங்கம்மாவும் ஆளைத் தப்பாக் கணிச்சதுண்டு, இல்லைங்கல. அவரு நல்லவரா இல்லையாங்கிறத விடுங்க. நானும் அதே வாசல்லதான நின்னேன், அந்த அக்கா அங்க வந்ததே எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகத்துக்கு வரல.