மறு: 'டிரிப்பர்' – கசிவுவெட்டி, மிகைவெட்டி என்று பிரிக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆர்.சி.சி.பி.க்கு, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டித்துவிடும் கருவிக்கு, தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் மூன்று நாளாகப் படித்துவருகிறேன். நான் தக்கலைப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க, ஒரு தாளில் அடங்கும் பாதுகாப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதனால் இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

போன மழைக்காலத்தில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். துணி துவைக்கும் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதாம். வீட்டுக்கார அம்மா என்னிடம், "டிரிப்பர் போட்டிருக்கு மக்களே, பெரிசா ஒண்ணும் ஆகாதுல்லா?" என்றார். போர்டைப் பார்த்தால் அங்கே இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. மட்டும், அதாவது மின்சாரம் அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் கருவி. எர்த் கம்பியோ, குழாயோடு முடுக்கிய இடத்தில் உப்புக்காற்று அரித்து இற்றுப்போயிருந்தது. ஒன்றரை வருடமாக அந்த அம்மா ஈரத்தரையில் நின்று அந்த மெஷினில் துணி துவைத்திருக்கிறார். அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது 'டிரிப்பர்' என்ற சொல். எங்கள் ஊரில் எம்.சி.பி.யும் டிரிப்பர், ஆர்.சி.சி.பி.யும் டிரிப்பர். கடையில் கேட்பதும் அப்படித்தான், வயரிங் ஆள்கள் சொல்வதும் அப்படித்தான்.

எம்.சி.பி. காப்பது வயரை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடி வயர் சூடேறினாலோ, குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டாலோ அது விழும், அதாவது தானாக இறங்கி மின்சாரத்தைத் துண்டிக்கும். மனிதரை அது அறியாது. ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கும் ஒருவரின் உடம்புத் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அவர் உடம்பு வழியே ஓடுவது 0.23 ஆம்பியர். அதில் பாதி போதும், இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். ஆனால் ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் அளவுகூட இல்லாத இந்த மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது.

ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கிறது. பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) வழியே போனது முழுவதும் நியூட்ரல் (திரும்பும் கம்பி) வழியே திரும்பிவந்ததா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் வகையில், கணக்கு அந்த அளவுக்கு உதைத்தால் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். அதன் 5 மடங்கு என்றால் 0.04 வினாடிக்குள். இப்படி வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு கருவிகளுக்கு ஒரே பெயர் இருப்பதுதான் என் கவலை. ஆகவே ஆர்.சி.சி.பி.க்கு மட்டும் தனியாகச் சொல் தேடினால் போதாது, இரண்டுக்கும் சோடியாகத் தேட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இதுவரை வந்த பரிந்துரைகள்.

'எஞ்சு மின்னோட்டச் சுற்று முறிப்பான்' இலக்கணப்படி சரிதான். என்னோடு வேலை செய்யும் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். "எது அண்ணே எஞ்சுது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எங்கேயும் எதுவும் எஞ்சுவதில்லை, வழிமாறிப் போகிறது.

'நிலக்கசிவுத் துண்டிப்பான்' பழைய ஈ.எல்.சி.பி.க்குப் பொருந்தும். அந்தப் பழைய வகை எர்த் கம்பியில் ஏறும் வோல்ட்டைப் பார்த்து விழுந்தது. பேஸை நேரடியாகத் தொட்டவரை அது காப்பாற்றாது. அந்தக் கருவி போய்விட்டது, பெயர் மட்டும் கடைகளில் தங்கிவிட்டது. 'நில' என்ற முன்னொட்டை இன்னும் சுமக்க வேண்டாம்.

'உயிர்காப்பான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மனசைத் தொடும் சொல். ஆனால் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். இந்தக் கருவி விழாது. எல்லா நேரத்திலும் காக்க முடியாத ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தால், அந்த அம்மாவின் நம்பிக்கையை நாமே இன்னொரு வீட்டில் உண்டாக்கியவர்கள் ஆவோம். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன்.

'கசிவுமடை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேச்சிப்பாறைத் தண்ணீரில் நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு மடை என்றால் விளக்கமே வேண்டாம். ஒரு நாள் முழுக்க அதையே யோசித்தேன். ஒரே இடத்தில் இடித்தது. மடையைத் திறந்தால் தண்ணீர் ஓடும், அடைத்தால் நிற்கும். மின்சாரத்தில் மூடிய சுற்றில்தான் ஓட்டம், திறந்த சுற்றில் ஓட்டம் கிடையாது. இரண்டும் நேரெதிர். பாடப்புத்தகத்தில் திறந்த சுற்று என்று படித்த பிள்ளை மடைக்கு வரும்போது தடுமாறும்.

நான் முன்வைப்பது 'வெட்டி'. ஆர்.சி.சி.பி.க்குக் கசிவுவெட்டி, எம்.சி.பி.க்கு மிகைவெட்டி. மின்வெட்டு என்ற சொல் செய்தித்தாளிலும் வீட்டிலும் எப்போதோ வேர்விட்டுவிட்டது. அதே வினையிலிருந்து பிறக்கும் கருவிப்பெயர் இது. பாக்குவெட்டி, நகவெட்டி, மண்வெட்டி என்று கையில் பிடிக்கும் கருவிகளுக்கு ஏற்கெனவே இப்படித்தான் பெயர். பியூஸுக்கு 'உருகி' நிலைத்ததற்கும் அதன் குறுமைதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆர்.சி.பி.ஓ.வை 'இருவெட்டி' என்று சொல்லிக்கொள்ளலாம். விழுதல் என்ற வினையைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. வெட்டி விழுந்தது, வெட்டியைத் தூக்கு என்று பேச்சில் தானாகவே வருகிறது.

இதற்கு ஒரு தடை உண்டு. தீப்பிடித்த செய்தி எதுவானாலும் 'மின்கசிவு காரணமாக' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. குறுக்குச்சுற்றுக்கும் அதே சொல், தளர்ந்த இணைப்பு சூடாகிக் கருகினாலும் அதே சொல். இதனால் 'கசிவு' கெட்டுப்போன சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. தன் வழியை விட்டு வெளியே போகும் மின்சாரத்துக்குக் கசிவைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கசிவுவெட்டி வீடுதோறும் வந்தால் கசிவின் பொருளும் மெல்ல நேராகும்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்துப் போன பிறகு நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோம். கரண்டு திரும்பியபோது வீட்டுக்கு வீடு போன்: "டிரிப்பர் நிக்க மாட்டேங்கு." எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எது விழுந்தது என்று தெரிந்தால்தானே போனிலேயே வழி சொல்ல முடியும்! இரண்டு பெயர் இருந்தால் என்ன சொல்லலாம் என்பதற்கு, என் தாளின் வரிகளை அப்படியே தருகிறேன்:

"கரண்டு போனால் முதலில் அக்கம்பக்கம் பாருங்கள். தெருவே இருட்டு என்றால் போர்டைத் தொட வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு வேண்டும். போர்டு நனைந்திருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ எதையும் தூக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். மிகைவெட்டி விழுந்திருந்தால், அந்த வழியில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு முறை தூக்குங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். பெரிய அளவு வெட்டியை மாற்றிப் போடச் சொல்லாதீர்கள், அடுத்து எரிவது வயர். கசிவுவெட்டி விழுந்திருந்தால், எல்லா மிகைவெட்டிகளையும் இறக்கிவிட்டு அதைத் தூக்குங்கள். பிறகு மிகைவெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில் கசிவு. அங்கே உள்ள கீசர், மோட்டார், தேய்ப்புப்பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள்."

இந்த வரிகளில் 'டிரிப்பர்' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். ஒரு வரியும் நிற்காது.

கசிவுவெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் எழுதியிருக்கிறேன். அழுத்தினால் விழ வேண்டும். விழுந்தால் கருவி நன்றாயிருக்கிறது என்று மட்டும் பொருள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் சில புள்ளிகளில் கரண்டு இருக்கும் என்பதையும் கொட்டை எழுத்தில் போடுகிறேன்.

தாளில் இன்னும் ஓரிடம் வெறுமையாக இருக்கிறது. நியூட்ரலுக்குப் பாடப்புத்தகம் தரும் 'நடுநிலைக் கம்பி' என்ற சொல்லைப் போடத் தயங்குகிறேன். நடுநிலை என்றதும் ஒன்றும் செய்யாத, தொடத்தக்க கம்பி என்று தோன்றுகிறது. நியூட்ரல் அறுந்துவிட்டால் பல்பு எரியாது. ஆனால் பேஸ் அந்தப் பல்பு வழியாகவே வந்து அறுந்த கம்பியில் நிற்கும். டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் எரியும். பல்பு எரியவில்லை, கரண்டு இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர் அந்தக் கம்பியைத்தான் தொடுகிறார். 'திரும்புகம்பி' என்று எழுதலாமா, அல்லது 'வரவுகம்பி', 'மீள்கம்பி' என்று வேறு ஏதாவது உண்டா? சொல்லுங்கள், அந்த இடத்தை நிரப்பிவிட்டு அச்சுக்குக் கொடுக்கிறேன்.