ஆன்லைன் லைப்ரரி பீரியட்: சிரித்த முகமாக இருப்பது எப்படி?

தாராபுரம்_புதுசு, 24 ஜூன் 2021

வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிப்ரவரியில்தான் நூலகராகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பு ஆறு வாரம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. கொரோனா ஊரடங்கில் தளர்வு குறைந்த 11 மாவட்டங்களில் எங்கள் திருப்பூரும் ஒன்று என்பதால் இங்கே இன்னும் பஸ்கூட இல்லை.

இப்போது ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட் கூகுள் மீட்டில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்பில் 42 பேர், வருவது 9 பேர். கேமராவை யாரும் போடுவதில்லை. ஒன்பது கறுப்புக் கட்டத்துக்கு முன்னால் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறேன், நடுவில் யார் வீட்டிலோ மிக்ஸி ஓடுகிறது. மீதி நேரம் பெற்றோருக்கு போன் போட்டு ஃபீஸை ஞாபகப்படுத்த வேண்டும். "லைப்ரரிதான் பூட்டிக் கிடக்குதே, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்கிறார்கள். "பிள்ளைகளிடம் உற்சாகமாகப் பேசுங்கள்" என்று வேறு தகவல் வருகிறது. உற்சாகத்தை எந்த பீரோவிலிருந்து எடுப்பது?

கோபி_லைப்ரரி_மிஸ்

கண்ணு, முதலில் அந்த மீட்டை மூடுங்க.

எனக்கு இந்த வேலையில் 19 வருஷம். போன வருஷம் ஜூனில் நானும் இதே கூத்தைத்தான் ஆடினேன். காலை பதினோரு மணிக்கு நாற்பது நிமிஷம், பின்னால் புத்தக அடுக்கு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. 60 பேரில் 7 பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் டீச்சர்களின் பிள்ளைகள், பாவம், தப்பிக்க வழியில்லை. அப்புறம் நூறு பி.டி.எஃப். சேர்த்து வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டினேன். ஒருத்தரும் திறக்கவில்லை.

ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டேன். (உங்கள் ஃபீஸ் போனையும் இதற்கு வளைத்துக்கொள்ளலாம். ஃபீஸ் ஒரு நிமிஷம், பிள்ளை என்ன பண்ணுது என்று ஐந்து நிமிஷம்.) முக்கால்வாசி வீட்டில் ஒரே பதில்தான், போன் அப்பாவிடம் இருக்கிறது. அப்பா தறிக்கோ, பனியன் கம்பெனிக்கோ, மஞ்சள் மண்டிக்கோ போயிருக்கிறார். போன் வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகும். சரி, லைப்ரரியும் எட்டு மணிக்கே திறக்கட்டும் என்று முடிவு செய்தேன். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டிருப்பீர்கள். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. பதினோரு மணிக்கு உட்கார்ந்து நான் அதைத்தான் மீறிக்கொண்டிருந்தேன்.

இப்போது செவ்வாய், வெள்ளி ராத்திரி எட்டுக்கு ஒரு குரல் பதிவு. மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. கதையைப் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை அவர்கள் பேசி அனுப்ப வேண்டும். வீடியோ இல்லாததால் நைட்டியோடு கதை சொல்லலாம், அது ஒரு சுகம்.

முதல் வாரம் நாலே பதில். அதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடு கட்டும் கட்டுத்தறியில் நின்று பேசியிருந்தான். நான் நரியைக் கிணற்றுக்குள் தள்ளி நிறுத்தியிருந்தேன். அவன் நரியை எடுக்க போர்வெல் லாரியையே வரவழைத்துவிட்டான். அதுவும் திருச்செங்கோட்டு வண்டிதான் வேண்டுமாம், அடிக்கு எவ்வளவு என்று நரியே உள்ளேயிருந்து பேரம் பேசுகிறது. நடுவில் எருமை கத்த, "இருங்க மிஸ், தண்ணி வெச்சுப்போட்டு வந்தர்றேன்" என்று போய் வந்து மீதியைச் சொன்னான். நாலு தரம் கேட்டேன். பள்ளியில் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் பையன், என்னிடம் அதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான். நீங்கள் கேட்கிற உற்சாகம் எனக்கு அந்தக் கட்டுத்தறியிலிருந்து வந்தது.

அப்புறம் வீட்டுப் பாட்டிகளை, அதான் அம்மிச்சிகளை, உள்ளே இழுத்தேன். ஆளுக்கொரு விடுகதை வாங்கி வரச் சொன்னதில் ஒரே வாரத்தில் 31 சேர்ந்தது. இரண்டு மூன்று, குரூப்பில் போட முடியாத ரகம். அவற்றை நான் மட்டும் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். மற்றதை நோட்டில் எழுதியிருக்கிறேன். பள்ளி திறந்ததும் மற்றப் புத்தகங்களைப் போலவே நூலகப் பதிவேட்டின் சேர்க்கை எண் போட்டு அலமாரியில் வைக்கப் போகிறேன். ஆடிட்டில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கைக்குக் கிடைத்த பி.டி.எஃப்.பை எல்லாம் அனுப்பாதீர்கள். திருட்டு ஸ்கேனை நூலகரே பரப்பினால் அசிங்கம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு வாசித்துப் பதிவு செய்யலாம். பெரிய பிள்ளைகளுக்கு நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கும். முழுக் கோப்பையும் தள்ளாமல் நாலு பக்கத்தை மட்டும் படமாக அனுப்புங்கள்.

பள்ளிபாளையம்_தறி

நான் நூலகர் இல்லீங்க, ஒரு பிள்ளைக்கு அப்பன். மிஸ் சொன்னது நிஜம். பங்காளிகள் குரூப்பில் வரும் காலை வணக்கப் படமே என் போனில் பாதி இடத்தைத் தின்றுவிடும், இதில் வீடியோ எங்கே இறங்குவது? மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. பாடத்துக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, கதைக்குத்தான் ஆள் இல்லை.

ஒரு வேண்டுகோள். எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீட்டில் போனே இல்லை, அந்தப் பிள்ளைகளும் என் மகளோடு உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். ஒரு நம்பருக்கு ஒரு பிள்ளை என்று வருகைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கோவை_நூலகி

கோபி அக்கா சொல்வது எங்கள் பள்ளிக்குப் பொருந்தாது. இங்கே ஆளுக்கொரு லேப்டாப், காலை எட்டரையிலிருந்து திரையைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது. அதனால் என் பீரியடில் முதல் வேலை லேப்டாப்பை மூடுவது. பாடப்புத்தகம் தவிர வீட்டில் அச்சடித்த எதையாவது இருபது நிமிஷம் படித்துவிட்டு வரச் சொல்வேன். கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, நாட்காட்டித் தாள் எதுவானாலும் சரி. ஒருத்தி கிரைண்டர் வாரண்டி கார்டோடு வந்து, அதில் இருந்த எழுத்துப் பிழைகளை எண்ணிச் சொன்னாள்.

அக்காவிடம் ஒரு கேள்வி. எட்டு மணிக்குத் திறந்தால் எப்போது மூடுகிறீர்கள்? எனக்கு ஒரு நாள் ராத்திரி 11.40-க்கு "மிஸ் தூங்கிட்டீங்களா" என்று வந்தது.

கோபி_லைப்ரரி_மிஸ்

நல்லாக் கேட்டீங்க. ஆரம்பத்தில் நானும் நடுராத்திரி வரை பதில் போட்டுக்கொண்டு கிடந்தேன். தோசை கருகியதுதான் மிச்சம். இப்போது ஒன்பதே காலுக்குச் சாவிக்கொத்தைக் குலுக்கி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுவிடுவேன். லைப்ரரி பூட்டியாச்சு. ஒரு பிள்ளை பதிலுக்கு அவர்கள் வீட்டு இரும்பு கேட் சத்தத்தை அனுப்பும்.

தாராபுரம்_புதுசு, 3 ஜூலை 2021

ஹெச்.எம்.மிடம் கெஞ்சி இரண்டு வாரத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். அமராவதி அணையிலிருந்து ஒரு முதலை தப்பித்து ஆற்றோடு மிதந்து தாராபுரம் வருகிறது. படித்துறையில் ஒரு பாட்டி துணி துவைக்கிறாள். அங்கே நிறுத்தினேன்.

ஏழாம் வகுப்பில் 17 குரல் வந்தது. அதில் ஒன்று, ஃபீஸுக்காக நான் மூன்று தரம் கூப்பிட்டும் எடுக்காத நம்பர். அப்பாவே பேசியிருந்தார். "மிஸ், அந்தப் பாட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே? பாப்பா தூங்க மாட்டேங்குது. அடுத்ததைச் சீக்கிரம் போடுங்க."

பள்ளிச் சாவி ஹெச்.எம். கையில் இருக்கிறது. குலுக்குவதற்கு வீட்டு பீரோ சாவி போதுமா அக்கா?